போர்வையைத் திருப்பிக் கேட்டவன்

காரைக்குடி
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம் ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் பிடிப்பு இன்னும் விடவில்லை. தங்கச்சிக்கு சுகர் இறங்கியதா?

"கனடாவில் என்னத்தைப் பார்த்தாய்?" என்று போனில் கேட்டாயே. ஒரு கல்லைப் பார்த்தேன். சிரிக்காதே.

கால்கரிக்குத் தெற்கே ஒகோடோக்ஸ் என்று ஓர் ஊர். பிளாக்ஃபுட் பழங்குடிகளின் மொழியில் கல்லுக்கு உள்ள சொல்தான் ஊர்ப் பெயராகிவிட்டது. சுற்றிலும் வயலும் புல்லும். நடுவே, நம் பக்கத்து வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தனியாக வைத்த மாதிரி அந்தப் பாறை. 41 மீட்டர் நீளம், 18 அகலம், 9 உயரம். எடை 16,500 டன். பத்து டன் லாரி என்றால் 1,650 நடை. அங்கே நின்றே கணக்குப் போட்டேன், கடைப் புத்தி போகுமா?

நம் திருமயம் கோட்டைப் பாறை இருந்த இடத்திலேயே பிறந்தது. இது வந்த கல். பனி யுகத்தில், வடமேற்கே ஜாஸ்பர் மலைப்பக்கம் சரிந்து பனியாற்றின் முதுகில் விழுந்து, அதோடு நகர்ந்து வந்து, பனி உருகியதும் இங்கே தங்கிவிட்டதாம். அடியில் சிக்கியிருந்தால் அரைபட்டு மழுங்கியிருக்கும். மேலே சவாரி வந்ததால் முனையெல்லாம் அப்படியே இருக்கிறது. அடித்தரைப் பாறை வேறு ஜாதி, இது குவார்ட்சைட் என்கிற கெட்டிக் கல்.

பழங்குடிகள் சொல்லும் கதைதான் எனக்குப் பிடித்தது. நாப்பி என்பவன் வெயிலுக்குத் தன் போர்வையைக் கழற்றி இந்தக் கல்லுக்குக் கொடுத்தானாம். மழை வந்ததும் திருப்பிக் கேட்டான். கல் தரவில்லை, பிடுங்கிக்கொண்டு ஓடினான். கல் விடுமா? உருண்டு துரத்தியது. கடைசியில் வௌவால்கள் வந்து மோதிக் கல்லை இரண்டாகப் பிளந்தனவாம். அதனால்தான் அதுகளுக்கு மூஞ்சி சப்பை. பிளவு இன்றும் தெரிகிறது. செய்த மொய்யைத் திருப்பிக் கேட்ட ஆள் நமக்கும் ஒருவர் உண்டே, பெயர் வேண்டாம்.

வந்த அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் முகப்பில் உட்கார்ந்து தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மாத் தேக்கு. ஐயா காலத்தில் கப்பலில் வந்தது. அது வெளியூர் மரம் என்று நமக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? இப்போது பங்காளிகள் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். தூணுக்குத் தனி விலையாம். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்து அளவெடுத்துப் போய்விட்டார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு வாயேன். திருமயம் போய்வரலாம். கோட்டை ஏற என் கால் விடாது, நீ ஏறு, நான் கீழே கோயிலில் இருக்கிறேன். சாப்பாடு இங்கேதான், அந்தத் தூணடியில்.

உன் பழைய கூட்டாளி