கடல் காற்றாலையின் அடித்தளமும் பேசப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது முதல், மெகாவாட் கணக்கும் யூனிட் விலையுமே விவாதிக்கப்படுகின்றன. அந்த இயந்திரங்களின் அடித்தளம் கடலடியில் எவ்வாறு ஊன்றப்படும் என்பதே, பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பகுதி மக்களாகிய எங்களின் முதல் கேள்வி.

ஐரோப்பாவில் பெரும்பாலும் ராட்சத எஃகுக் குழாய்த் தூண்களை மணல் தரைக்குள் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். தமிழகத் திட்டத்துக்குக் குறிக்கப்பட்டுள்ள மன்னார் வளைகுடாவின் தரை எங்கும் மணலல்ல. பாறை உள்ள இடத்தில் துளையிட்டுத் தூணை நிறுத்தி, இடைவெளியில் காரைக் கலவை நிரப்ப வேண்டியிருக்கும்; அப்போது வெளியேறும் கல்தூள் நீரோட்டத்தோடு சென்று, 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவின் பவளத்தின் மீதும், கடல் பசு மேயும் கடற்புல்லின் மீதும் படியாது என்று யார் உறுதி தருவார்கள்? சம்மட்டி அடிக்கும் ஓசையும் சிறிதன்று. ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் அது 160 டெசிபலைத் தாண்டக் கூடாதென வரம்பு உண்டு. தூணைச் சுற்றித் துளைக்குழாய் வழியே காற்றைச் செலுத்திக் குமிழித் திரை எழுப்பி ஓசையைத் தணிக்கிறார்கள். இங்கும் அத்தகைய வரம்பை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத வேண்டும்.

பருவமும் முக்கியம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். தூண் இறக்கும் கப்பல் நின்று வேலை செய்ய ஏற்ற அமைதி பெரும்பாலும் தை முதல் பங்குனி வரைதான். எங்கள் வல்லங்கள் நம்பிக் கடலில் இறங்குவதும் அப்போதுதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் தடை விசைப்படகுகளுக்கே. நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலுக்குச் செல்கின்றன. பிரிட்டனில் கட்டுமானத்தின்போது ஒவ்வொரு தூணைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பிற கலங்களுக்குத் தடை விதிக்கிறார்கள். தூணடியில் மண்ணரிப்பைத் தடுக்கக் கொட்டும் கற்களில் வலை சிக்குவது அதற்குப் பின்னும் தொடரும் தொல்லை.

காற்றாலையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. அடித்தளத்தின் வகையை முடிவு செய்யும் முன், கடலடித் துளை ஆய்வின் முடிவுகளைத் தமிழில் வெளியிட்டு, எந்தப் பாரில் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் தொழில் நடக்கிறது என்பதை நாட்டுப்படகு மீனவர்களிடம் ஊர் ஊராகக் கேட்டுப் பதிவு செய்யுமாறு மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாம்பன்.