புஜபலம் வேதத்துக்குள் நுழைந்தது எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆண்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யூத, கிறிஸ்தவ மரபுகள் இரண்டும் ஆதியிலிருந்தே ஆணைப் போர்வீரனாகத்தான் வளர்த்தன, இந்தக் காலத்துச் சொகுசுதான் அவனைக் கெடுத்துவிட்டது என்பது அதன் சாரம். ஆதாரமாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய 'புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்' என்ற வசனத்தை எடுத்துப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அதற்கு அடுத்த வசனம் 'உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது' என்று இருக்கிறது. அதையும் சேர்த்தே போட்டிருக்கலாம்.

நான் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே காலம் கழித்தவன். தண்டாலுக்கோ ஓட்டத்துக்கோ எதிரியில்லை. ஆனால் கட்டுரையாளர் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அவர் பழமை என்று சொல்லும் அந்தக் கட்டுமஸ்தான ஆண்தான் இந்த இரண்டு மதங்களிலும் புதுசு.

யூதர்களையே எடுத்துக்கொள்வோம். ரபிகள் என்ற யூத வேத அறிஞர்களின் வாதங்களையும் கதைகளையும் தொகுத்த தல்மூதில் ரேஷ் லாக்கிஷ் என்று ஒருவர் வருகிறார். முதலில் கொள்ளைக்காரர். யோர்தான் நதியில் ரபி யோகனான் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறார். யோகனான் தாடியில்லாத பேரழகர். அவர் சொல்கிறார்: "உன் பலம் தோராவுக்கு (வேதப் படிப்புக்கு) போகவேண்டியது." கொள்ளைக்காரர் விடவில்லை: "உன் அழகு பெண்களுக்குப் போகவேண்டியது." சரி, நீ திருந்தி வந்தால் என்னைவிட அழகான என் தங்கையைக் கட்டித் தருகிறேன் என்கிறார் ரபி. இவர் ஒப்புக்கொள்கிறார். கரையில் விட்ட தன் பொருள்களை எடுக்கத் திரும்பத் தாண்டிப் பார்த்தால், உடம்பில் பழைய வலு இல்லை! படிப்பை ஏற்ற அந்த நொடியிலேயே தசைபலம் போய்விட்டதாம்.

அப்புறம் அவர் பெரிய பண்டிதராகிறார். ஒருநாள் கத்தியும் வாளும் எந்தக் கட்டத்தில் 'செய்து முடிந்த பொருள்' ஆகின்றன, உலையிலா, தண்ணீரில் தோய்த்து மெருகேற்றும்போதா என்று வாதம் வருகிறது. "கொள்ளைக்காரனுக்குத் தெரியாதா தன் தொழில்!" என்று யோகனான் குத்திக் காட்டிவிடுகிறார். மனம் நொந்த ரேஷ் லாக்கிஷ் நோயில் விழுந்து இறந்துபோகிறார். யோகனானைத் தேற்ற வேறொரு அறிஞரை அனுப்புகிறார்கள். அவரோ எதைச் சொன்னாலும் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று தலையாட்டுகிறார். யோகனான் புலம்புகிறார்: "ரேஷ் லாக்கிஷ் என்றால் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?" கடைசியில் "எங்கே போனாய்?" என்று கதறியபடி புத்தி பேதலித்துச் சாகிறார். வீரம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, ஆனால் எல்லாம் படிப்பு மண்டபத்துக்குள்ளே.

பென் சோமா என்ற இன்னொரு ரபி 'பலவான் யார்?' என்று கேட்டுவிட்டு, 'தன் இச்சையை அடக்குகிறவன்' என்று தானே பதில் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் நீதிமொழிகள் 16:32: பட்டணத்தைப் பிடிக்கிறவனைப் பார்க்கிலும் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த வசனம் மனப்பாடம்.

இது மாறியது 19ஆம் நூற்றாண்டில்தான். மனோதத்துவ அறிஞரும் யூதருமான பிராய்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவருடைய அப்பா ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். இளமையில் ஒரு சனிக்கிழமை புது ரோமத்தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது, ஒரு கிறிஸ்தவர் அதைத் தட்டிச் சேற்றில் விழவைத்து "யூதனே, நடைபாதையை விட்டு இறங்கு!" என்றாராம். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று பையன் கேட்க, "தெருவில் இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன்" என்று அப்பா அமைதியாகச் சொன்னார். பையனுக்கு அவமானமாக இருந்தது. ரோமர்களைப் பழிவாங்குவேன் என்று மகனைச் சத்தியம் செய்யவைத்த, பண்டைய கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் தகப்பனைத்தான் அவன் மனம் நாடியது. ரபிகளின் கண்ணோட்டத்தில் அந்த அப்பா தோற்றவர் அல்ல. மகனின் தலைமுறைக்கு அந்தக் கண் இல்லை.

அந்தத் தலைமுறைக்காரரான மருத்துவர் மாக்ஸ் நோர்டாவ், 1898இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் கூடிய, யூதருக்குத் தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் இரண்டாம் மாநாட்டில் 'தசைவலுவுள்ள யூதர்' வேண்டும் என்றார். அதே ஆண்டு பெர்லினில் யூத இளைஞர்கள் ஆரம்பித்த உடற்பயிற்சிக் கழகத்துக்குப் பார் கோக்பாவின் பெயரை வைத்தார்கள். ரோமர்களை எதிர்த்து 132 முதல் 135 வரை போரிட்டுத் தோற்றவர் அவர். அவர் காலத்துப் பெரிய அறிஞர் ரபி அக்கிவா அவரைக் கொண்டாடினார் என்றாலும், தோல்விக்குப் பின் வந்த ரபிகள் அவரைப் 'பொய்யின் மகன்' என்றே குறிப்பிட்டார்கள். அவர்கள் ஒதுக்கிவைத்தவரைப் பதினேழு நூற்றாண்டு கழித்துத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள்!

கிறிஸ்தவப் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிலுவைப் போர்கள் நடந்தன, ஒப்புக்கொள்கிறேன். 12ஆம் நூற்றாண்டுத் துறவியான பெர்னார்டே, சிலுவைப் போருக்காக வாளேந்திய டெம்ப்ளர் என்ற துறவிப் படையினரைப் புகழ்ந்து எழுதினார். ஆனால் நான்காம் நூற்றாண்டில் ரோமப் படையில் இருந்த தூர்ஸ் மார்ட்டின், 'நான் கிறிஸ்துவின் வீரன், போரிடக் கூடாது' என்று மறுத்தவர்; அவரைத்தான் புனிதராகக் கொண்டாடுகிறார்கள். பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வெட்டிப் பாதி கொடுத்தவரும் அவரே. அவருடைய வாள் செய்த வேலைகளில் இன்றுவரை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1522இல் திருமணத்தைப் பற்றி எழுதியதை நான் மறப்பதில்லை. ஒரு தகப்பன் குழந்தையின் பீத்துணியைத் துவைக்கிறான், ஊர் அவனைப் பெண்ணன் என்று சிரிக்கிறது, ஆனால் கடவுள் தம் தூதர்கள் எல்லோருடனும் புன்னகை செய்கிறார் என்கிறார். இதை எழுதியபோது அவருக்கே கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

1857 வாக்கில்தான் இங்கிலாந்தில் 'தசைவலுக் கிறிஸ்தவம்' என்ற பேச்சு அடிபட ஆரம்பித்தது. நகரத்து ஆபீஸ் நாற்காலியில் ஆண்கள் சோம்பிப்போகிறார்கள், கோவிலில் பெண்கள்தான் நிறைகிறார்கள், சாம்ராஜ்யத்தைக் கட்டி ஆள ஆள் வேண்டும் என்றெல்லாம் கவலை. 1844இல் லண்டன் துணிக்கடைச் சிப்பந்திகள் ஜெபத்துக்கும் வேதப் படிப்புக்கும் கூடிய இடமாகத் தொடங்கியது ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம். உடற்பயிற்சிக்கூடம் பிற்பாடு வந்தது. 1891இல் அமெரிக்காவில் அதன் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில், இறையியல் படித்த ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டியதில் பிறந்ததுதான் கூடைப்பந்து. அங்கிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிதான் இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. நம் பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே உருவானவர்கள். அந்த வகையில் இந்த மரபு எனக்கும் சோறு போட்டிருக்கிறது. நல்ல மரபுதான். ஆனால் அதன் வயது இருநூறுகூட இல்லை.

சபைகளில் ஆண்களுக்கு வீர முகாம் நடத்த வேண்டும் என்று கட்டுரையாளர் யோசனை சொல்லியிருக்கிறார். நடத்தட்டும், கூப்பிட்டால் விசில் ஊத நானும் வருகிறேன். நோட்டீஸில் 'உடற்பயிற்சி முகாம்' என்று போட்டால் போதும். 'வேதம் காட்டும் ஆண்மை' என்றுதான் போடுவோம் என்றால், கால அட்டவணையில் துணி துவைக்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை