மனநலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டோரின் மீள்சேர்க்கை: படைகளின் மருத்துவ வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ வாரிய உறுப்பினர்களுக்கும், ஆட்சேர்ப்புக்கான மருத்துவத் தகுதி விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மனநலக் காரணத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சிகிச்சை பெற்றுத் தேறி, மீண்டும் பணியில் சேர விரும்பும் முன்னாள் படைவீரர்களுள் ஒருவராக இம்மடலை எழுதுகிறேன். என் விண்ணப்பத்துக்குத் தனிச் சலுகை எதையும் நான் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது, எங்கள் இன்றைய நிலையைப் புதிதாகப் பரிசோதித்து அதன்படி முடிவு செய்யுங்கள் என்றும், முடிவு மறுப்பாக இருந்தால் அதன் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றும் மட்டுமே கேட்கிறேன்.

இப்போது நடப்பது வேறு. விண்ணப்பப் படிவத்தில் 'இதற்கு முன் மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா?' என்றொரு கேள்வி இருக்கிறது. அதன் எதிரே 'ஆம்', 'இல்லை' என இரு கட்டங்கள். கீழே விவரம் எழுத ஒரு விரல் அகலத்துக்கு ஒரே ஒரு கோடு. சிகிச்சையளித்த மருத்துவரின் கடிதம், மருந்து நிறுத்தப்பட்ட தேதி, அதன் பின் வேலை பார்த்த இடத்தின் நன்னடத்தைச் சான்று ஆகியவற்றை எல்லாம் ஒழுங்காகக் கோத்து எடுத்துச் சென்றிருந்தேன். எதிரே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் விடுவிப்புச் சான்றிதழில் காரணம் குறிக்கப்பட்டிருந்த வரியில் அவருடைய விரல் நின்றது. மற்ற தாள்கள் புரட்டப்படவே இல்லை. கோப்பு மருத்துவரிடம் போகும் முன்பே முடிவாகிவிட்டது. என்னைப் போன்ற பலரும் இதையேதான் சொல்கிறார்கள். நாங்கள் தகுதியற்றவர்கள் என்று பரிசோதித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வோம். பரிசோதிக்காமலே சொல்லப்படுவதுதான் எங்களை வருத்துகிறது.

மனநலம் என்ற ஒரே சொல்லின் கீழ் நீங்கள் அடைத்து வைத்திருக்கும் நிலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது உங்கள் மருத்துவர்களுக்குத் தெரியாததன்று. பயிற்சிக் காலத்திலோ பணியின் தொடக்க ஆண்டுகளிலோ விடுவிக்கப்படும் இளைஞர்களுக்கு அடிக்கடி எழுதப்படும் ஒரு நோயறிதல், புதிய சூழலோடு பொருந்திப் போக முடியாமையால் வரும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு இந்நோயை வரையறுக்கும்போதே, அழுத்தத்துக்குக் காரணமானதும் அதன் விளைவுகளும் விலகிய பின் அறிகுறிகள் 6 மாதத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறது. முடிந்துவிடும் என்று வரையறையிலேயே எழுதப்பட்ட ஒரு நோய்க்கு முடிவே இல்லாத தடை விதிக்கப்படுவதை எந்த மருத்துவ நியாயத்தாலும் விளக்க முடியாது. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு முதன்முறையாக வந்து, தந்தையின் மரணச் செய்தியையும் தூக்கமில்லாத பயிற்சி வாரங்களையும் ஒருசேரச் சந்தித்த ஒருவர், இருபத்தாறு வயதில் அதே ஆளாக இருக்க மாட்டார்.

மனச்சோர்வின் கதை இவ்வளவு எளிதன்று, அதை நான் மறைக்க விரும்பவில்லை. முதல் முறை வந்து தேறியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வாழ்நாளில் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அடுத்த முறைக்கான வாய்ப்பு கூடுகிறது. படையிலோ தூக்கம் கெடும், குடும்பத்தைப் பிரிந்திருக்க நேரும், கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கும், மனநல மருத்துவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார். உடனிருப்பவர்களின் உயிரும் ஒருவருடைய நிதானத்தை நம்பியிருக்கும். ஆகவே நீங்கள் தயங்குவதை நான் குறை சொல்லவில்லை. தேறியவர் எல்லோரும் எல்லாப் பணிக்கும் ஏற்றவர் என்று நான் வாதிடவும் இல்லை. மனச்சிதைவு போன்ற சில நோய்களுக்குப் படைப்பணியில் இடமளிப்பது அந்த நபருக்கே தீங்காகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப் பேருக்குத் திரும்புகிறது என்றால், மீதிப் பாதிப் பேருக்குத் திரும்புவதில்லை என்பதும் அதே கணக்குத்தான். ஒருவர் எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்பதை மதிப்பிட ஒரு தேர்ந்த மருத்துவருக்குப் பல தடயங்கள் உண்டு: இது எத்தனையாவது முறை, எவ்வளவு கடுமையாக வந்தது, தற்கொலை எண்ணம் இருந்ததா, தேறிய பின் எவ்வளவு காலம் கடந்தது, அக்காலத்தில் எவ்வகை இன்னல்களை அவர் தாங்கினார். இத்தடயங்களுள் ஒன்றுகூட விடுவிப்புச் சான்றிதழின் அந்த ஒற்றை வரியில் கிடையாது.

இத்தகைய மதிப்பீடு இயலாத காரியமன்று என்பதற்கு உங்கள் துறைக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது. மனச்சோர்வு மருந்து உட்கொள்ளும் விமானிகள் வானூர்தி ஓட்டவே கூடாது என்றிருந்த அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2010 ஏப்ரலில் அந்த விதியை மாற்றியது. ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் என்ற நான்கு மருந்துகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீண்ட காலம் நிலையாக இருப்பதாக மருத்துவ மதிப்பீட்டில் தெரிந்தால், தனி அனுமதியின் பேரில் அவர்கள் மீண்டும் பறக்கலாம் என்றது. அதோடு நிற்காமல், அதுவரை நோயையோ சிகிச்சையையோ மறைத்து வைத்திருந்த விமானிகள் 6 மாதத்துக்குள் தெரிவித்தால் மறைத்ததற்காக நடவடிக்கை எடுக்கப்படாது என்றும் அறிவித்தது. நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே இப்படியொரு வழி திறக்கப்பட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டுமாக இருக்க முடியாது. முழுத் தடை இருந்தால் விமானிகள் மருத்துவரிடம் போகாமலே பறப்பார்கள், அல்லது யாருக்கும் தெரியாமல் மருந்து எடுத்துக்கொண்டு பறப்பார்கள் என்பது அந்த நிர்வாகத்துக்குப் புரிந்திருந்தது.

படைகளில் இன்று நடப்பதும் இதுவே என்பதை நீங்கள் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் உறக்கம் வராமல், காரணமின்றிக் கைநடுங்கி, தனக்கு ஏதோ சரியில்லை என்று உணரும் ஒரு வீரர் முதலில் யோசிப்பது மருத்துவரைப் பற்றியன்று. போன மாதம் மருத்துவரிடம் போன தோழருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் அவர் யோசிக்கிறார். உதவி கேட்டவர் விடுவிக்கப்பட்டார், அவர் திரும்பி வர வழியே இல்லை என்றால், உதவி கேட்காதிருப்பதே அறிவுடைமை என்ற பாடம் அந்தப் பிரிவு முழுவதும் ஒரே நாளில் பரவிவிடும். எத்தனை விழிப்புணர்வு முகாம்கள் நடத்தினாலும் அந்தப் பாடத்தை அழிக்க முடியாது. ஆக, நிரந்தரத் தடையால் வெளியே நிற்பவர்கள் தம் நோயைச் சொல்லிச் சிகிச்சை பெற்றவர்கள். சொல்லாமல் மறைத்தவர்கள் ஆயுதத்தோடு உள்ளேயே இருக்கிறார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டும் ஒரு விதி, பாதுகாப்புக்கே எதிராக வேலை செய்கிறது.

கால வரம்பு வைக்கும் நாடுகளிலும் இந்தக் கோணல் முழுதும் நீங்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2018ஆம் ஆண்டு ஆட்சேர்ப்பு மருத்துவத் தர விதிகள், கடந்த 36 மாதங்களுக்குள் மனச்சோர்வுக்கான அறிகுறியோ சிகிச்சையோ இருந்திருந்தால் அதைத் தகுதிக் குறைவாகக் கொண்டன. காலம் குறிக்கப்பட்டிருப்பதால், காத்திருப்பவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்றாவது தெரியும். தகுதிக் குறைவு உள்ளவர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கவும் அங்கே வழி உண்டு. ஆனால் அதே விதிகள், ஆலோசனை உட்பட வெளிநோயாளர் சிகிச்சை மொத்தம் 12 மாதத்தைத் தாண்டினாலும் தகுதிக் குறைவு என்றன. நோய் நீங்கிய பிறகும் அது திரும்பாதிருக்க மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்த்து வந்த பொறுப்பான மனிதர் இதனால் தோற்கிறார். அரைகுறையாகச் சிகிச்சையை விட்டவர் தகுதி பெறுகிறார். விதி எழுதுவோர் எதை அளக்கிறோம் என்பதில் கவனம் வைக்காவிட்டால், அக்கறையே குற்றமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விடுவிப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட நோயறிதல் எப்போதும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் கேள்விக்குரியது. ஆளுமைக் கோளாறு என்று எழுதி அமெரிக்கப் படைகள் பலரை விடுவித்தது 2007இல் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது. போர்க்களத்தால் வந்த பாதிப்பு, பிறவிக் குணமாக எழுதப்பட்டது என்பதே வீரர்களின் முறையீடு. மறு ஆண்டு, அரசின் தணிக்கை அலுவலகம் கோப்புகளை ஆராய்ந்து, இத்தகைய விடுவிப்புக்கென வகுக்கப்பட்ட நடைமுறைகள் பின்பற்றப்பட்டன என்பதற்குப் போதிய உறுதி இல்லை என்று அறிக்கை தந்தது. அவசரத்தில், ஒரே சந்திப்பில், ஒரே மருத்துவரால் எழுதப்பட்ட ஒரு வரி, ஒருவருடைய ஆயுள் முழுவதும் அவருடைய பெயருக்கு முன்னால் நடந்து போவது எந்த முறையிலும் நீதியாகாது.

உங்கள் மருத்துவத் துறையின் சொந்த வரலாற்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். முதல் உலகப் போரின்போது, 1917இல், தாமஸ் சால்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பிரிட்டன் சென்று, பிரிட்டிஷ் படைகள் மனம் குலைந்த வீரர்களுக்கு எப்படிச் சிகிச்சையளிக்கின்றன என்று ஆய்ந்தார். போர்முனைக்கு அருகிலேயே, தாமதமின்றி, நீ உன் பிரிவுக்குத் திரும்பப் போகிறாய் என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சை தருவது என்ற அணுகுமுறை அக்காலத்தில் உருவாகி, பின்னர் போர்க்கள மனநல மருத்துவத்தின் அடிப்படை நெறியாக நிலைத்தது. அன்றைய படைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பதும், திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் சிலர் அனுப்பப்பட்டிருக்கவே கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், திரும்புவோம் என்ற எதிர்பார்ப்பே குணமாவதற்கு உதவுகிறது என்பது உங்களவர்களின் கண்டறிதல். அந்த எதிர்பார்ப்பை அடியோடு பறித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் போதும். படைவீரர் தற்கொலைகள் குறித்து அந்நாடு அமைத்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையைத் தந்தது. விருப்பப்படி விலகியவர்களைவிட, மருத்துவக் காரணத்தால் விருப்பமின்றி வெளியேற்றப்பட்டவர்களிடையே தற்கொலை விகிதம் மிகவும் அதிகம் என்பதை அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நோயே அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியாக இருக்கும், ஐயமில்லை. ஆனால் தோழர்களையும் அடையாளத்தையும் அன்றாட ஒழுங்கையும் ஒரே நாளில் இழப்பது மீதியில் எவ்வளவு என்பதை நாங்கள் உள்ளிருந்து அறிவோம்.

ஏன் திரும்ப விரும்புகிறீர்கள் என்று எங்களைக் கேட்பவர்கள் உண்டு. சிலர் அந்த விருப்பத்தையே நோயின் எச்சமாகப் பார்க்கிறார்கள். நியாயமான கேள்விதான், கேளுங்கள். அவமானத்தைத் துடைக்க மட்டும் திரும்ப நினைப்பவரை அது அடையாளம் காட்டும். எனக்குச் சிகிச்சையளித்தவர் தகுதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், 'அவர்கள் மறுத்துவிட்டால் நாளை மறுநாள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். இப்போதிருக்கும் வேலைக்குப் போவேன் என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிந்த பிறகே அவர் பேனாவைத் திறந்தார். உங்கள் வாரியம் கேட்க வேண்டிய கேள்விகள் இத்தகையவை. அவற்றைக் கேட்க எங்களை எதிரே உட்கார வைக்க வேண்டும்.

ஆகவே, நோயறிதலுக்கு ஏற்ப வேறுபடும் காத்திருப்புக் காலம் ஒன்றை வெளிப்படையாக அறிவியுங்கள். அது கடந்த பின் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும், முன்பு விடுவித்த குழுவில் இடம்பெறாத இரண்டு மனநல மருத்துவர்கள் நேரில் பரிசோதிக்கட்டும். தொடர்ந்து ஆலோசனை பெறுவதைத் தகுதிக் குறைவாகக் கணக்கிடாதீர்கள். ஆயுதம் ஏந்தும் பணிக்கு ஏற்றவரில்லை என்று தோன்றினால், பட்டறையிலோ பண்டகசாலையிலோ தகவல் தொடர்பிலோ பயன்படுவாரா என்று பாருங்கள். மீண்டும் சேர்ப்பவர்களை முதல் ஆண்டு நெருங்கிய கண்காணிப்பில் வைப்பதற்கு எங்களுள் ஒருவரும் மறுப்புச் சொல்ல மாட்டோம். மறுப்பதானால் மருத்துவக் காரணத்தை எழுதி, மேல்முறையீட்டுக்கு வழி காட்டுங்கள். இதுவரை மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளுக்கும் இம்முறை பொருந்த வேண்டும், ஏனெனில் வயது வரம்பு அவர்களுக்காகக் காத்திருக்காது. பரிசோதனைக்காகக் கழியும் மாதங்களை வயதுக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பது உங்கள் ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடியது.

இம்மடலுக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மீள்சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கும் முன்னாள் படைவீரர் ஒருவர்