மூன்றாம் தளத்தை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழங்கட்டடங்களின் பாதுகாப்பு குறித்து அண்மையில் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த கோவல் நினைவு மருத்துவமனையை, ஆர்தர் பிரவுன் (இளையவர்) வடிவமைத்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குறிப்பிட்டிருந்தது. சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் குவிமாடத்தை எழுப்பியவர் என்பதால் அவர் பெயருக்குத் தனி மதிப்பு உண்டுதான். ஆயினும் மாணவர்களுக்காக 1930இல் கட்டப்பட்ட அந்த மருத்துவமனையின் பெருமை, பிற்காலத்தில் அதன் மூன்றாம் தளத்தில் குடியிருந்தவர்களால் வந்தது.

பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார். இரவில் அவர் படுக்க வேண்டிய இரும்பு நுரையீரல் என்னும் உருளை வடிவ மூச்சுக் கருவி ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ளது. மாணவர் விடுதி எதிலும் அதற்கு இடமில்லை. மருத்துவமனைத் தலைவர் ஹென்றி புருயின், ஆளில்லாமல் கிடந்த மூன்றாம் தளப் பகுதியை அவருக்கு ஒதுக்கித் தந்தார். கட்டில் நுழையும் அகலத்துக்குக் கதவும், ஸ்ட்ரெச்சர் ஏறும் அளவுக்கு லிப்டும் மருத்துவமனைக்கு வேண்டும் என்பது எங்கள் கட்டடத் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம். விடுதிக்கு வரைபடம் போடும்போது மட்டும் அந்த நினைப்பு வருவதில்லை.

மறு ஆண்டு, அவரைப் போலவே கை கால் செயலிழந்த மாணவரான ஜான் ஹெஸ்லர் அங்கே வந்து சேர்ந்தார். பிறகு வேறு சிலரும் வந்தனர். 'ரோலிங் குவாட்ஸ்' (சக்கர நாற்காலியில் உருளும் கைகால் செயலிழந்தோர்) என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்ட இந்த மாணவர்கள் கேட்டது நல்ல வார்டு அல்ல. ஊருக்குள் சொந்தமாக வீடு எடுத்து வாழும் வசதி. அந்தக் கோரிக்கையிலிருந்தே 1972இல், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் தற்சார்பு வாழ்வு மையம் பிறந்தது. வேலைக்குத் தகுதியற்றவர் என்று கூறி ராபர்ட்ஸுக்கு முதலில் உதவி மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கு, 1975இல் அவரே இயக்குநரானார்.

1993இல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கட்டடம் அதே ஆண்டில் இடிக்கப்பட்டது. அங்கே இப்போது வணிகவியல் பள்ளி நிற்கிறது. பட்டியலில் இடம்பெற்றுவிட்டாலே கட்டடம் தப்பிவிடும் என்ற கட்டுரையாளரின் நம்பிக்கைக்கு இது ஒன்றே மறுப்பு. விட்டு வெளியேறப் போராடியவர்களின் நினைவாக அதே மருத்துவமனையைக் காத்திருக்க வேண்டுமா என்பதும் எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

கட்டுரையில் அவசியம் இடம்பெற்றிருக்க வேண்டியது, மாற்றுத்திறனாளி அமைப்புகளுக்காக அதே ஊரில் 2010இல் திறக்கப்பட்ட எட் ராபர்ட்ஸ் வளாகம். அங்கே முகப்பு மண்டபத்தின் நடுவிலேயே சிவப்பு நிறச் சாய்வுப் பாதை சுருள் சுருளாக மேல்தளத்துக்கு ஏறுகிறது. நம் ஊர் அலுவலகங்களிலோ சாய்தளம் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டிக் கிடக்கும். தொடரின் அடுத்த பகுதிகளிலாவது முகப்புப் படத்துடன் தள வரைபடத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி