செய்முறை வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிறபோதெல்லாம் பத்திரிகையில் ஒரு படம் வரும். அம்மாவும் மகளும் ஒன்றாகப் பாஸ் செய்து, ஒருவர் வாயில் ஒருவர் லட்டு ஊட்டுவார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. லட்டுக்கு முந்திய கதையை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

நான் 1997இல் எட்டாவது முடித்த கையோடு, டெய்லருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவள். இப்போது திருப்பூரிலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) வேலை கேட்டபோது, "பத்தாவது பாஸ் இருக்குதுங்களா அக்கா?" என்றார்கள். பீஸில் ஓட்டை, தையல் விட்டது, ஷேடு மாறினது எல்லாம் எடுத்துக் காட்டுவது நான். கையெழுத்துப் போடுவது வேறு ஆள். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று, பள்ளியில் சேராமலே பத்தாவது எழுதுகிற தனித்தேர்வராகப் பெயர் கொடுத்தேன்.

தமிழும் கணக்கும் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். எங்கள் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைச் சத்தம் ஓய்ந்த பிறகு மகளின் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அறிவியல்தான் மாட்டியது. அதில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். அதை எழுத, குறித்த பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போய் 80 சதவீதம் வருகையும் காட்ட வேண்டும். எனக்குக் கொடுத்த பள்ளியில் வகுப்பு வேலை நாளில், மதியம் இரண்டு மணிக்கு.

வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் மீட்டர் ஸ்கேலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் தெரிந்த எடை, மறுபக்கம் தெரியாத எடை என்று மாட்டினார் வாத்தியார். திருப்புத்திறன் என்றார். எங்கள் ஊருக்குப் புளி வாங்க வருகிற வியாபாரியின் தூக்குக்கோல்தானே இது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு நாள் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினோம். நீலம் வெளுத்து மாவாகிவிட்டது. ஆறவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பழையபடி நீலம். சாயம் ஏறுவதையும் இறங்குவதையும் இத்தனை வருஷம் பார்த்தவள் நான், அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அந்த வாத்தியாருக்கு. "அக்கா, நீங்களே இன்னொரு தடவை செஞ்சு பாருங்க" என்று குழாயைக் கையில் கொடுத்தார்.

ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் அரை ஷிப்டும் மாலை ஓவர்டைமும் போனது. ஷிப்மென்ட் வாரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தில் முழிக்க முடியவில்லை. எப்படியோ தம் கட்டி வருகையை எட்டிவிட்டேன். என்னோடு பெயர் கொடுத்த, பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற தம்பி நான்காவது நாள் வகுப்போடு நின்றுவிட்டார்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தால் பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாமே, அறிவியல் இல்லாமலே முடிக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அறிவியல்தான் வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். திருப்பூர், சோமனூர், பவானி, கரூர் மாதிரி தறியும் தையலுமாக இருக்கிற ஊர்களில் ஒரு பள்ளியிலாவது தனித்தேர்வர் செய்முறை வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைக்கட்டும். வாத்தியாருக்கும் ஞாயிறு வேண்டும், தெரியும். அதற்குத் தனிப்படி கொடுக்கலாம், இல்லாவிட்டால் வார நாளில் மாற்று விடுப்புத் தரலாம். கல்வித்துறை மனசு வைத்தால் முடியாத காரியம் இல்லை.

அந்தத் தம்பியின் செய்முறை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பழுப்பு அட்டை போட்டு, மூன்று சோதனை வரை படம் வரைந்து வைத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சிருங்கக்கா, ஞாயித்துக்கெழம வகுப்பு வெச்சா ஒரு போன் பண்ணுங்க, வர்றேன்" என்றார்.

இப்படிக்கு,
செக்கிங் தொழிலாளி ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.