பக்கத்துச் செடியையும் வரையச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்திருந்த கற்பனைப் பாலைவனச் செடிகளைப் பார்த்தேன். படங்கள் அழகு, ஆனால் எல்லாச் செடியும் வெயிலோடுதான் மல்லுக்கு நிற்கிறது, பக்கத்தில் இன்னொரு செடி இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை.

பாலைவனத்தில் செடிகள் தள்ளித் தள்ளி நிற்பதால் இடம் தாராளமாகக் கிடக்கிறது என்று தோன்றும். மேலேதான் காலி, மண்ணுக்குள் தண்ணீருக்கு அடிதடி. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் கிரியோசோட் என்றொரு புதர் உண்டு, அதன் வேர்ப்பக்கம் வேறு வேர் நெருங்கினால் வந்த வேரின் வளர்ச்சி மட்டுப்பட்டுவிடும். சகுவாரோ கள்ளிக்கு வேறு வழி. பெரும்பாலான வேர்களை மேல்மண்ணிலேயே சுற்றிலும் விரித்து வைத்துக்கொண்டு, லேசான மழையையும் ஆழத்துக்கு இறங்கும் முன் உறிஞ்சிவிடும். சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கிட் மரம் மேல்மண்ணை மட்டும் நம்பாமல் ஆழத்துக்கும் வேர் விடும்.

என் மகளும் ஒரு செடி வரைந்தாள், பெயர் உப்புக்குடை. முதலில் அதற்கு ஆணிவேர், பக்கவேர், விஷம், முள், இலைக்குள் தண்ணீர்த் தொட்டி என்று சகலமும் இருந்தது. இத்தனையும் வளர்க்கத் தண்ணீர் யார் கொடுப்பது என்று கேட்டேன். முறைத்தாள், அப்புறம் ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தாள். மிஞ்சியது ஒரே ஓர் ஆணிவேர். அது ஆழத்து உப்புநீரைக் குடிக்கும், உப்பு இலை வழியே கசியும், உதிர்ந்த இலையால் அடிமண் கரிக்கும், அங்கே வேறு விதை முளைக்காது. (தமரிஸ்க் மரம் நிஜமாகவே இப்படி உப்பைக் கசியவிடும், அவளுக்கு அது தெரியாது.)

சரி, சொந்த விதையும் அங்கே முளைக்காதே? அதற்காகக் காய் காய்ந்து பந்தாகிக் காற்றில் உருண்டு போகிறதாம். பெருமழை வந்தால் உப்பு கரைந்துவிடுமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மழைக்காகவே மண்ணில் காத்துக் கிடந்து, உப்பு திரும்பச் சேர்வதற்குள் பூத்து விதைத்துவிட்டுச் சாகும் பூண்டு ஒன்றை அதே குடைக்கு அடியில் வரைந்தாள். அப்படி மழைக்குக் காத்திருக்கும் விதைகளும் பாலைவனங்களில் உண்டு, நல்ல மழையில் தோலிலுள்ள முளைத்தடுப்புப் பொருள் கரைந்த பிறகே அவை முளைக்கும்.

அதனால் அடுத்த முறை ஒரே தாளில் இரண்டு செடி கேளுங்கள். அந்தப் பூண்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வைத்ததும் படத்தை அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்