கோழிக் குழம்பும் கோல்ஃப் குச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் கோல்ஃப் பற்றி நாலு பக்கக் கட்டுரை வந்திருந்தது. பெரிய சாம்பியன்கள் இல்லை, என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் தாங்கள் ஆடியதில் பிடித்த மைதானங்களைச் சொல்லியிருந்தார்கள். ஆசையாகத்தான் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "செட்டிநாட்டில் போய் கோல்ஃப் என்று சொன்னால், அது கோழியில் செய்வதா ஆட்டில் செய்வதா என்று கேட்பார்கள்." கையிலிருந்த காப்பி ஆறிப்போனது.

நகைச்சுவையாம். சரி, சிரித்துவிட்டேன்.

எனக்கு வயது 71. பூர்வீகம் செட்டிநாட்டுக் கோட்டையூர். வங்கி வேலையில் 1994-ல் கொழும்புக்குப் போட்டார்கள். நாற்பது வயதில் அங்கேதான் முதன்முதலாகக் குச்சியைப் பிடித்தேன். ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப், 1879-ல் தொடங்கியது. மைதானத்துக்கு நடுவிலேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். நான் பந்தை அடிக்கக் கையை ஓங்கும்போதெல்லாம் சொல்லி வைத்த மாதிரி ரயில் வரும். ஜன்னல் வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டுவார்கள். பந்து எங்கே போனது என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்த மைதானம் எது என்று யாராவது கேட்டிருந்தால் முதலில் இதைச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கோழிக் குழம்பு வைக்கிற ஊர்க்காரனிடம் எதற்குக் கேட்பார்கள்?

அடுத்து, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். "யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம்" என்று எழுதிவிட்டார். பொது மைதானம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மைதானத்தில் ஆட ஹேண்டிகேப் சான்று (ஆட்டக்காரரின் திறமை அளவைக் காட்டும் சீட்டு) வேண்டும், பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில் பெயரும் விழ வேண்டும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? எடின்பரோவில் இருக்கும் என் மகள் என்னைக் கூட்டிப் போனது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அங்கே ஆட்டமே கிடையாது. ஊர் ஜனம் நாயைப் பிடித்துக்கொண்டு புல் மேல் உலாத்துகிறது. நானும் உலாத்தினேன். ஒரே க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இரண்டு கொடி நிற்கும் இடங்கள் ஏழு இருக்கின்றன. இரண்டாவது குழியோடு பதினாறாவது, மூன்றாவதோடு பதினைந்தாவது. இப்படி எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வருகிறது. முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

18 என்றதும் இன்னொன்று. ஒரு பாட்டில் விஸ்கியில் 18 மடக்கு இருந்ததால்தான் 18 குழி வந்தது என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். இது கிளப் பாரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற கதை ஐயா. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764 வரை ஒரு சுற்று என்றால் 22 குழி. சில குழிகளைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். பிறகு ஊரெல்லாம் அதையே பிடித்துக்கொண்டது.

உங்கள் இதழில் பெட்டிச் செய்தி என்றாலே எனக்குப் பயம். இரண்டு வருடம் முன்பு செட்டிநாடு சிறப்பிதழ் போட்டீர்களே, அதில் ஆத்தங்குடிக் கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்ததாக ஒரு பெட்டி. கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற கல் அது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. அதே இதழில் கந்தரப்பத்துக்கு மைதா மாவு! வீட்டு ஆச்சி, அதாவது என் மனைவி, அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்து அடுப்படி அலமாரியில் விரித்துவிட்டார்கள். அதற்கும் எழுதினேன். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது.

கொடைக்கானலுக்கு வருகிறேன். "கொடைக்கானலிலும் ஒன்று இருக்கிறதாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருக்கிறதாம்! 1895-லிருந்து இருக்கிறது. அதிகாலை நாலு மணிக்கு இங்கிருந்து கிளம்பினால் பத்து மணிக்குள் முதல் பந்தை அடித்துவிடலாம். ஏழாயிரம் அடி உயரம், காற்று லேசு. இங்கே நூறு கஜம் போகிற அடி அங்கே ஏழெட்டு கஜம் கூடுதலாகப் போகும். வயதானவனுக்கு அந்த ஏழெட்டு கஜம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இளைஞர்களுக்குப் புரியாது.

ஒரு முறை என் பந்து ஒரு காட்டெருமையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஆபத்தான பிராணி பக்கத்தில் இருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கோல்ஃப் விதியிலேயே உண்டு. அது தெரியாமல் நான் இருபது நிமிஷம் நின்றேன். கடைசியில் கேடி (குச்சிப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) சொன்னார்: "ஐயா, அந்தப் பந்தை அதுக்கே குடுத்துருங்க. அது ஆடாது, நீங்க வேற போட்டு ஆடுங்க." உலகத்தில் எந்த மைதானத்தில் இப்படி ஒரு யோசனை கிடைக்கும்?

கோபத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர், வட்டிக்குக் கடன் கொடுக்கிற தொழில். அங்கே ஒரு வெள்ளைக்கார கிளப்பில் கோல்ஃப் ஆடிய துரைமார்கள் சிலர் அவரிடம் கடன் வாங்கியவர்கள். ஐயாவுக்கு கேட் வரைக்கும்தான் அனுமதி. "பச்சைப் புல்லுல வெள்ளைப் பந்து, அவ்வளவுதான் பாத்தேன்" என்று என் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) சொன்னாராம். ஆகவே கோல்ஃப் என்றால் என்ன என்று செட்டிநாட்டுக்காரர்கள் நாங்கள் கேட்க மாட்டோம். மூன்று தலைமுறையாகத் தெரியும். உள்ளே விடத்தான் நேரமானது.

இப்போது கொழும்பும் இல்லை, மாதம் ஒரு தடவை மலை ஏறவும் முட்டி விடுவதில்லை. ஊருணிக்கு மேற்கே எங்களுக்குச் சொந்தமான பொட்டலில் மூன்று குழி வெட்டியிருக்கிறேன். செம்மண்ணில் புல் எங்கே பிடிக்கும்? அந்தக் காலத்தில் வறண்ட ஊர் கிளப்புகளில் க்ரீனுக்குப் பதிலாக பிரவுன் என்று வைத்திருந்தார்கள், மணலில் எண்ணெய் கலந்து உருட்டியது. நானும் கண்மாய் மணலில் பழைய டிராக்டர் ஆயிலைக் கலந்து ஒன்று போட்டேன். ஆயில் பட்ட அந்த வேட்டியை ஆச்சி இன்றுவரை மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் பார்வையாளர்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பழைய புட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் குச்சி) வைத்துக்கொண்டு என்னைத் தினமும் தோற்கடிக்கிறான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொடைக்கானல் மைதானம் 1895-லிருந்து இருக்கிறது என்று ஒரு மூலையில் போடுங்கள், போதும். "இருக்கிறதாம்" வேண்டாம். அப்புறம், எனக்கு வந்த பிரதியில் 34, 35-ஆம் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டன. குறுக்கெழுத்து அதில்தான் இருக்கிறது. சந்தா கட்டியாகிவிட்டது. இன்னொரு பிரதி அனுப்பி வைத்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருடச் சந்தாதாரர்,
கோட்டையூர்.